வில்ஃப் சிரித்தான் என்ற வாக்கியம்

1

இந்தக் கதை என் மனைவியின் சிரிப்பிலிருந்து வந்தது. போன மாதம் ஒரு சாயங்காலம் டிவியில் பழைய 'ஒரே ஏணி' நாடகத்தை மறுபடி போட்டார்கள். மேவிஸ் காலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு காட்சி வந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டேன்.

"என்னய்யா, கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?" என்றாள்.

என்ன சொல்வது? மேவிஸுக்குத் தெரிந்தால் அவள் அக்காவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். அதனால் தமிழில் எழுதுகிறேன். இந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

(இதில் வருகிறவர்கள் பேசுவது சண்டர்லாந்து கப்பல்பட்டறைப் பேச்சு. அதற்கு ஈடாக எனக்குத் தெரிந்த தமிழ், நான் பிறந்த தூத்துக்குடித் துறைமுகத்துத் தமிழ்தான். வில்ஃப் தன் சிநேகிதனைக் கூப்பிடும் சொல்லை 'மக்கா' என்றுதான் என்னால் எழுத முடிகிறது.)

2

முதல் தொடக்கம்: ஆற்றின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு— வேண்டாம். மூடுபனியால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இரண்டாவது தொடக்கம்: ஆண்களின் நட்பு என்பது— இது அதைவிட மோசம். அந்தச் சிநேகிதன் டெரெக் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

நேராகவே சொல்கிறேன். வில்ஃப் லெய்ட்லர் பட்டறையில் இரும்புத் தகடுகளை அளந்து பொருத்துகிறவன். டெரெக் ஸ்டாப்ஸ் அதற்கு வெல்டிங் வைக்கிறவன். மீசை முளைத்த வயதிலிருந்து இருவரும் ஒரே ஜோடி. சாயங்காலம் தொழிலாளர் கிளப்புக்கு வருவார்கள். பாரில் பீர் ஊற்றிக் கொடுப்பவன் நான். வில்ஃப் பேசுவான். டெரெக் குடிப்பான்.

"இவன் வாயில எவனோ வெல்டிங் வச்சுட்டான்லே பெர்ரி. பீர் போற அளவுக்குத்தான் ஒரு ஓட்ட விட்டிருக்கான்" என்பான் வில்ஃப். (பெருமாள் என்ற என் பெயர் அவர்கள் வாயில் பெர்ரி ஆகிவிட்டது.)

எழுபத்து நான்காம் வருடம் டெரெக்கின் மனைவி ஜீன் மார்பில் வந்த புற்றுநோயில் இறந்தாள். பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்த வாரமே டெரெக் வேலைக்கு வந்துவிட்டான். "வீட்ல ஒக்காந்து என்ன செய்ய?" என்றான். அவ்வளவுதான். கல்லுளிமங்கன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்.

3

இதை நான் பார்க்கவில்லை. வில்ஃப் பின்னால் சொன்னது.

ஒரு சனிக்கிழமை கால்பந்துக்குக் கூப்பிடப் போயிருக்கிறான். பின்கதவு திறந்திருந்தது. சமையலறை மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர். டெரெக் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"சர்க்கர போட்டாச்சு, நீயே கலக்கிக்க. பின் ரூமுக்குப் பச்ச பெயிண்ட் வேணாம்னா வேணாம்தான். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டியா நீ?"

வில்ஃப் இருமினான். டெரெக் திரும்பிப் பார்த்தான். "மக்கா, யார்ட்டயும் சொல்லிராத" என்றான்.

"என்னலே நீ, நான் போய்ச் சொல்லுவனா?"

டெரெக் அவனுக்கும் தேநீர் ஊற்றினான். வில்ஃப் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றே குடித்துவிட்டு வந்தான். (இந்த ஒரு காரியத்துக்காகவே வில்ஃபை எனக்குப் பிடிக்கும்.)

4

கோலின் ஹெப்பிள் எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர் மகன். லண்டனுக்குப் போய் டிவிக்கு எழுதுகிறவனாகிவிட்டான். 'ஒரே ஏணி' அவன் எழுதியது: சன்னல் துடைக்கும் இரண்டு சிநேகிதர்கள், ஒருவன் ஏணியில் ஏறுவான், ஒருவன் பிடித்துக்கொள்வான். எங்கள் பேச்சை, எங்கள் கெட்ட வார்த்தைகளைக் கொஞ்சம் கழுவி, நாடு முழுக்கக் கேட்க வைத்தான். கிளப்பில் அது ஓடும்போது யாரும் பாருக்கு வர மாட்டார்கள். அவ்வளவு பெருமை எங்களுக்கு.

அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் கிளப்புக்கு வந்து எல்லோருக்கும் பீர் வாங்கித் தருவான். பேச மாட்டான், கேட்பான். ஒருநாள் மூலையில் அவனும் வில்ஃபும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேசை துடைக்கப் போனேன். வில்ஃப் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். "டெரெக்குக்கு நான் என்ன செய்யணும்னு தெரியல கோலின், எனக்குத் தெரியல" என்றான். மூக்கைத் துடைக்க என் தோள் துண்டைக் கொடுத்தேன். கோலின் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

(கோலினை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. தட்டிய கை உண்மையாகத்தான் தட்டியது. எழுதுகிறவனுக்கு இன்னொரு கை இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது என் இன்னொரு கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.)

5

அடுத்த வருடம், கிளப் நிறைந்த ஒரு வியாழக்கிழமை. டிவியில் ஏணி பிடிக்கிறவன் காலி நாற்காலிக்கு முன்னால் கோப்பையை வைத்தான். "சர்க்கரை போட்டாச்சு, நீயே கலக்கிக்கோ" என்றான். பின் அறைக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று நாற்காலியோடு சண்டை போட்டான். சன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று பார்த்த சிநேகிதன் வாளியோடு கீழே விழுந்தான். டிவிக்குள் சிரித்தார்கள். கிளப்பே சிரித்தது.

வில்ஃப் சிரித்தான்.

இந்த வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். வில்ஃப் சிரிக்க வேண்டியிருந்தது. வில்ஃபின் வாய் மட்டும்— எல்லாம் பூச்சு. சிரித்தான், சத்தமாக, மேசையைத் தட்டி.

டெரெக் டிவியைப் பார்க்கவில்லை. வில்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாதி பீரோடு கிளாஸை என் முன்னால் வைத்து, "நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் கிளப் வாசலில் வில்ஃப் அவனை மறித்தான். நான் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"மக்கா, நான் சிரிக்காம இருந்தா எல்லாவனும் என்னத் திரும்பிப் பாத்திருப்பானுவ. பொறவு ஒன்னப் பாத்திருப்பானுவ. அதான்லே."

"கோலின்ட்ட ஏன் சொன்ன?"

"அழுதுக்கிட்டுதான்லே சொன்னேன்!"

"நீ அழுதத நான் பாக்கல. சிரிச்சதத்தான் பாத்தேன்."

"நான் பாத்தேன் டெரெக். அவன் அழுதான்" என்றேன்.

"நீ பாத்தா எனக்கென்ன?" என்றான் டெரெக். என்னிடம்தான் சொன்னான், கண் மட்டும் வில்ஃப் மேல். "நேத்து ராத்திரி அவளுக்குக் கோப்ப எடுக்கப் போனேன். கை போவுது. ஒடனே அத்தன பேரும் சிரிக்கிற சத்தம் கேக்கு. இனிமே வைக்க முடியாதுலே. அதுவர அவ ஒரு தடவதான் செத்திருந்தா."

திங்கட்கிழமை ஜோடி மாற்றக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

6

பட்டறையை எண்பத்தெட்டில் இழுத்து மூடினார்கள். ஒரே தெருவில் எதிரெதிர் வரிசையில் இருந்துகொண்டு இருவரும் பேசவில்லை. ஒருவன் குப்பைத்தொட்டி வைக்க வந்தால் மற்றவன் உள்ளே போய்விடுவான். சமாதானம் செய்யப் பார்த்தவர்களிடம் டெரெக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாற்காலி அவன் வீட்டுடையது என்று தெரிந்துவிடுமே.

இப்போது வில்ஃப் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பட்டறைத் தூசி. நேற்று போயிருந்தேன். மூச்சுக்கு நடுவே சொன்னான்: "வார்டு டிவில அந்த நாடகத்தப் போட்டாம்லே பெர்ரி. எல்லாவனும் சிரிச்சானுவ. நான் சிரிக்கல. அவன்ட்டப் போய்ச் சொல்லு. இந்தத் தடவ நான் சிரிக்கல."

நேராக டெரெக் வீட்டுக்குப் போனேன். ஈரலும் வெங்காயமும் வதங்கும் வாசனை. கதவைப் பாதி திறந்து நின்று முழுக்கக் கேட்டான்.

"எப்படி இருக்கான்?"

"ரொம்ப நாள் தாங்காது டெரெக்."

தரையைப் பார்த்தான். தாடை அசைந்துகொண்டே இருந்தது.

"சரி, அவன்ட்டப் போய்ச் சொல்லு—"

அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், கதவைச் சாத்தினான். அறைந்து சாத்தவில்லை.

7

முடிவு ஒன்று: "டெரெக் ஒன்ன மன்னிச்சுட்டான்" என்று வில்ஃபிடம் சொல்லலாம். பாரில் வேலை பார்த்தவனுக்குப் பொய் சொல்ல வரும். ஆனால் டெரெக்கிடம் கேட்காமல் அவன் வாயிலிருந்து வார்த்தையை இன்னொரு முறை எடுப்பதாகும் அது.

முடிவு இரண்டு: நடந்ததை அப்படியே சொல்வது. மூச்சுக்குத் திணறுகிறவனிடம் ஒரு சாத்திய கதவைக் கொண்டுபோய்க் கொடுப்பது.

முடிவு மூன்று: போகாமலே— இல்லை, போகத்தான் போகிறேன்.

டெரெக் பாதியில் விட்ட வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். கோலினாக இருந்தால் முடித்திருப்பான், கைதட்டலும் வாங்கியிருப்பான். மேவிஸ் வில்ஃபுக்காகத் திராட்சை கழுவிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது. நான் வார்டுக்குள் நுழைந்ததும் வில்ஃப் ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, "என்னலே சொன்னான்?" என்று கேட்பான்.

நீங்கள் சொல்லுங்கள்.