விளக்கின் மேல் போட்ட பழி

அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் மூத்தவர்களின் கால் தவறுவதில்லை, விளக்குதான் தவறும். எங்கும் எழுதிவைக்கப்படாத இந்த விதியை இயக்குநர் முதல் தேநீர் ஊற்றுபவர் வரை யாரும் மீறியதில்லை. தளமே பெரியம்மா என்று அழைக்கும் அந்த நடிகைக்கும் அது தெரியும். குழு நடனத்தின் பின்வரிசையில் ஆடத் தொடங்கி, கதாநாயகியாகி, அம்மாவாகி, பாட்டி வேடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். நாயகியாக இருந்த நாள்களில், தடுமாறிய முதியவர்களுக்காக, "லைட் கண்ணுல அடிக்குது" என்று எத்தனையோ முறை அவரே பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய் தம்மிடமும் ஒருநாள் சொல்லப்படும் என்று மட்டும் நினைத்ததில்லை.

நெடுங்காலத்துக்குப் பிறகு இந்தப் படத்தில் அவருக்கு ஒரு நடனம். சம்மதிக்குமுன் அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: திரையில் ஆடுவது தம் கால்களாகவே இருக்க வேண்டும். நடன இயக்குநரான மகள் கையடித்து வாக்குக் கொடுத்திருந்தாள்.

நேற்று ஆடினார். பாதியில் மகள் கைதட்டி நிறுத்தினாள்.

"லைட் கொஞ்சம் அலைஞ்சிடுச்சும்மா. இன்னொண்ணு போயிடலாம்."

மேலே நின்ற விளக்காளருக்குச் சூரியன் என்று பட்டப்பெயர். அவர் உடனே தலையைச் சொறிந்தார். "என் தப்புதான் பெரியம்மா. சூரியனுக்கே வெள்ளெழுத்து வந்துடுச்சு."

தளம் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த முறையும் லைட் அலைந்தது. அதற்கடுத்தும். பிறகு மகள், "அருமை, கிடைச்சிடுச்சு. நீங்க போய்ப் படுங்க" என்றாள். வீட்டில் 'நீ' என்பவள் தளத்தில் 'நீங்க' என்பாள். அந்த மரியாதையில் பெரியம்மாவுக்கு ஒரு கர்வம் உண்டு.

இன்று காலை உடை அறையில் அதே ஆட்ட உடையை அணிந்தார். இடுப்பில் கொக்கி எட்டவில்லை.

"ஒரே ராத்திரியில ஊதிட்டேனா, ஊசி?"

உடைகளைக் கவனிப்பவளைத் தளத்தில் ஊசி என்றே கூப்பிடுவார்கள். அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே புதுத் தையல் போட்டு இறுக்கியிருந்தது. கீழ்விளிம்பை இறக்கிவிட்டிருந்தார்கள். துணியில் வேறு யாருடைய பவுடரோ மணத்தது.

"யாருடி போட்டா இதை?"

"பிரிச்சு வைக்க மறந்துட்டேன் பெரியம்மா... நீங்க கிளம்பினப்புறம் ஒரு பொண்ணு வந்துச்சு. முகம் தெரியாம, முதுகும் காலும் மட்டும்தான் எடுத்தாங்க. மாஸ்டர்தான் நின்னு ஆட வெச்சாங்க."

மாஸ்டர் என்றால் மகள். தயாரிப்பாளர் செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பார். இயக்குநர் செய்திருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பார். தாம் கைபிடித்து முதல் அடி வைக்கச் சொல்லிக்கொடுத்தவளே, தம் உடைக்குள் இன்னொருத்தியை நிறுத்தியிருக்கிறாள். நேற்றுக் கேட்ட 'அருமை' இப்போதுதான் முதுகில் வந்து குத்தியது.

மாட்டாத கொக்கியை ஒரு கையால் பிடித்தபடி தளத்துக்குள் நடந்தார். ஊசி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னைக்கு முகம் மட்டும் போதும்மா" என்றாள் மகள்.

"காலு?"

மகளின் முகம் வெளுத்தது. "உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதாம்மா..." தளத்தில் முதல்முறையாக 'நீ'.

"பெரியம்மா, நேத்து லைட்டு..." என்று மேலிருந்து சூரியன் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருப்பா. உன் தலையில பழியைப் போட்டது போதும்." பெரியம்மாவின் குரல் கடைசிச் சுவர்வரை போனது. "லைட் நல்லாத்தான் இருந்துச்சு. திரும்புறப்ப என் இடது காலுதான் பிந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. அதை மூஞ்சிக்கு நேரா சொல்ல இங்க ஒரு ஆள் இல்ல, நான் பெத்தவளையும் சேத்து."

பெரியம்மா ஊசியின் பக்கம் திரும்பினார்.

"தையலைப் பிரி, ஊசி. நான் ஆடப்போறேன். காலு பிந்தினா, பிந்துன காலே படத்துல வரட்டும்."