காலருக்குள் இருந்த நெஞ்சு

எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். அன்றைக்கு இருமலோடு வந்து என் முன்னால் நின்றது என் கூடப்பிறந்த அண்ணன். படம் எடுத்தேன். பத்தொன்பது வருஷம் பழகிய என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர்தான், விலா எலும்பின் நிழலில் ஒளிந்திருந்த மிளகளவுப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டது. பாழாய்ப்போன மெஷினே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அதை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்து எடுத்த ஸ்கேனிலும் புள்ளி இருந்தது. புற்றுநோயாக இருக்கலாம், திங்கட்கிழமை நெஞ்சைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார்கள். படம் பார்க்கும் டாக்டரம்மா மட்டும், பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்க்குமாம். புள்ளி வளரவில்லை என்றால் கத்தியே வேண்டாமாம்.

இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன் அண்ணன் ஒரு வேலையில் சேரும்போது கேட்டார்கள் என்று எடுத்த படம். அண்ணனின் தையல் கடைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் திருதிருவென்று முழித்தார்.

"அதை அப்பவே வெட்டிட்டேனே," என்றார். "நல்ல கெட்டி ஃபிலிம்மா. துணி மேல வெச்சு காலர் வெட்டற அளவு அட்டைக்கு அதை விட்டா வேற என்ன இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் மேஜை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தேன். காலர், கை, பாக்கெட் என்று ஒரு டஜன் துண்டுகள் விழுந்தன. மனுஷன் தன் நெஞ்சை வைத்தே ஊருக்கெல்லாம் சட்டை தைத்திருக்கிறார்! ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பெரிய சைஸ் காலரில் தோள் எலும்பும் மேல் விலாக்களும் தெரிந்தன. அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, அண்ணனையும் அண்ணியையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டரம்மா சிரித்தபடியே காலரை ஸ்கேனரில் வைத்தார். கம்ப்யூட்டர் அதை இப்படித் திருப்பி, அப்படிச் சாய்த்து, விலாவோடு விலாவைச் சேர்த்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த எலும்பின் முடிச்சும் அச்சு அசலாகப் பொருந்தியது. அண்ணனேதான், சந்தேகமே இல்லை. அப்புறம், பதினான்கு வருஷத்துக்கு முன் யார் கண்ணிலும் படாத அந்தப் புள்ளியைக் காலரின் ஓரத்தில் தேடிப் பிடித்து அளந்தது.

"அன்னைக்கு எவ்வளவோ இன்னைக்கும் அவ்வளவுதான். வளரவே இல்லை," என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன் வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

நான் அந்த மெஷினைக் கட்டிக்கொண்டு அழாத குறைதான். வெளியே வந்ததும் அண்ணி ஆரம்பித்தார். எக்ஸ்ரே படத்தை வெட்டச் சொன்னது யார், பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதா, இருமலை மூன்று மாதம் மறைத்தது எதற்கு என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் அடக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"விடு, திட்டட்டும்," என்றார். "புள்ளி தெரிஞ்ச நாள்லேருந்து ஒன்பது நாளா இவ என்னை ஒரு வார்த்தை திட்டல. நான் செத்துத்தான் போயிடுவேன்னு நெனச்சிட்டேன்."