எட்டாம் நம்பரின் மூடி

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். நச்சுவாயுவை மோந்து சொல்லும் சென்சார்கள் பதினான்கும் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரப்பர் மூடியை மாட்டி, குழாய் வழியே கொஞ்சம் சோதனை வாயுவைக் காட்டுவாள். ஒழுங்காகக் கத்துகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைக் கழற்றிவிடுவாள்.

அன்று காலை ஏழாம் நம்பர் கத்திக்கொண்டிருந்தது. பம்புக் குழியின் வாயருகே சுவரில் இருப்பது அது. இரண்டு நாளாக உயிரை வாங்குகிறது என்று கண்ட்ரோல் ரூம்காரர் புலம்பினார்.

“குழிக்குள்ள இருக்கிற எட்டாம் நம்பர் பூஜ்யம் காட்டுது. தங்கமான பிள்ளை. வாசல்ல இருக்கிறது மட்டும் எதுக்கும்மா கத்தணும்? குரைக்கிற நாய் கடிக்காது. போய் அதைச் சரி பண்ணு.”

ஈரம் ஏறியிருக்கும் என்று அவளும் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

குழிக்குள் அவள் அண்ணன் இருந்தான். பம்பு ஃபிட்டர். வாயுவை அளக்க இடுப்பில் மாட்டும் கைமீட்டர் பழுதாகிக் கிடந்ததால், எட்டாம் நம்பரை நம்பி, இறங்கலாம் என்று ரூம்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்லவேளை, கயிறு கட்டித்தான் இறங்கியிருந்தான். மேலே கயிறு சுற்றும் வின்ச்சைப் பிடித்தபடி கயிற்றுக்காரர் நின்றார்.

ஏழாம் நம்பரின் அடியில் உட்கார்ந்து அவள் பையைத் திறந்தாள். சிலிண்டர் இருந்தது, குழாய் இருந்தது, மூடியைக் காணோம். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கடைசியாக அதை எங்கே மாட்டினோம்? திங்கட்கிழமை, எட்டாம் நம்பரில். பாதி வேலையில், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. குழாயைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஓடியேறியது ஞாபகம் வந்தது. மூடியைக் கழற்றியது ஞாபகம் வரவில்லை.

மூன்று நாளாக எட்டாம் நம்பர் வெளிக்காற்றே படாமல் வாயடைத்துக் கிடக்கிறது. அந்தப் பூஜ்யத்தை அவளே மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஏழாம் நம்பர் இரண்டு நாளாக உண்மையைத்தான் கத்தியிருக்கிறது.

வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“அண்ணா, கீழ நாத்தம் இருக்கா?”

“இறங்கும்போது அழுகின முட்டை மாதிரி குடலைப் புடுங்குச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல பாப்பா.”

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த வாயு மிகுந்தால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். நாற்றம் தெரிகிறவரைதான் பிழைக்க வழி உண்டு.

“எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு மேல வா.”

“வரேன், தலை வேற சுத்துது. ஏய், உன் மூடி இங்க மாட்டியிருக்கு. மறந்துட்டியா? யாராவது பாத்தா உன் வேலை போயிடும். இரு, எடுத்துட்டு வரேன்.”

“வேண்டாம்ணா. அது கிடக்கட்டும், நீ வா.”

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கயிறு தொய்ந்து கிடந்தது. அவள் கால் ஏணியின் முதல் படியில் இருந்தபோது கயிற்றுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“நீயும் இறங்கினா ரெண்டு பொணம். வந்து சுத்து.”

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. இருவரும் வின்ச்சைச் சுற்றினார்கள்.

அப்போது எட்டாம் நம்பர் அலறியது. மூடி கழன்றிருக்கிறது. அப்படியானால் சற்றுமுன்வரை அண்ணனுக்கு நினைவு இருந்திருக்கிறது. அந்த அலறலைப் பிடித்துக்கொண்டு அவள் சுற்றினாள்.

சாம்பல் பூத்த முகத்தோடு தலை வெளியே வந்தது. காற்றோட்டமான இடத்துக்கு இழுத்துப்போய்க் கிடத்தினார்கள். கயிற்றுக்காரர் ஆக்சிஜன் வைத்தார். அவன் மார்பு எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியது. வெகுநேரம் கழித்து இருமினான், கண் திறந்தான். ரூம்காரர் ஓடிவருவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறுக மூடிய கையை அவள் பையருகே நகர்த்தி, “உள்ள போடு” என்றான், பாதிக் குரலில்.

“எட்டாம் நம்பர்தான் கெட்டுப்போச்சா?” என்று மூச்சிரைக்கக் கேட்டார் ரூம்காரர்.

அவள் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மூடியை எடுத்தாள். வியர்வையில் நனைந்திருந்தது. அதை அவரிடம் நீட்டினாள்.

“சென்சார் ரெண்டும் நல்லா இருக்கு. இது என்னுது. திங்கக்கிழமை நான் கழட்டாம விட்டது.”

“லூசு” என்று முணுமுணுத்தான் அண்ணன். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.