ராணி இல்லாத சீட்டுக்கட்டு

என் வீட்டுக்காரருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தோணியில் அரிசியும் காய்கறியும் கொண்டுபோவது அவர் தொழில். சில நாள் திரும்பும்போது, மாலுமிகளிடம் கெஞ்சி வாங்கிய பழைய ஜெர்மன் சீட்டுக்கட்டு ஒன்று மடியில் இருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தியது, கையால் சாயம் தீட்டியது என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார். நம் சீட்டில் உள்ள டைமனும் கிளாவரும் அதில் கிடையாது. மணி, இலை, தொப்பி போட்ட ஏதோ ஒரு காய், ஆட்டீன். ராஜா உண்டு, ராணி கிடையாது.

"ராணி இல்லாத வீடு எங்கன விளங்கும்?" என்பேன்.

"அதான் நீ இருக்கியே, ஏளா" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு கட்டையும் ஒரு துண்டுக் காகிதத்தால் சுற்றி வைப்பார். காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் கப்பலின் பெயர், வந்த தேதி, அடுத்துப் போகும் ஊர், கட்டில் எத்தனை சீட்டு என்ற எண். எந்தக் கப்பலில் வந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் அட்டையாம்.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை வந்த பிறகு, கப்பல்களைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று தோணித்துறையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் கப்பல் பேச்சே வேண்டாம் என்றேன். "நான் எங்க பேசுதேன்? எழுதத்தானே செய்யுதேன்" என்றார் மனுஷன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில் ஒரு மத்தியானம், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த தளவாய் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மதினி, அண்ணாச்சியப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாவ. ஜெர்மன்காரனுக்கு ஆளாம்!"

"எந்தச் சண்டாளன் சொன்னான்?"

"சத்தம் போடாதிய. வீட்டச் சோதிக்க வாராவ. அந்த ஜெர்மன் சாமான் இங்கன இருந்தா அண்ணாச்சி உசுரோட திரும்ப மாட்டாவ."

அவன் போனதும் பெட்டியைத் திறந்தேன். பதினேழு கட்டுகள். பதினாறில் காகிதம் சுற்றியிருந்தது. நேற்று வந்ததை மட்டும் சுற்றவில்லை. எல்லாவற்றையும் பிரித்து உலை வைத்திருந்த அடுப்பில் போட்டேன். கெட்டி அட்டை, சீக்கிரம் பற்றவில்லை. ராஜாக்களின் முகம் ஒவ்வொன்றாகச் சுருண்டது. அவர் பார்த்தால் என்னை வெட்டிப் போடுவார் என்று அழுதுகொண்டே ஊதினேன்.

காகிதங்களைத்தான் போட முடியவில்லை. எழுத்துள்ள காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவள் நான். பிள்ளையார் சுழி போட்டதை, அதுவும் புருஷன் கையெழுத்தை, அவர் ஸ்டேஷனில் இருக்கிற நேரத்தில் தீயில் வைப்பேனா? பதினாறையும் நூலால் கட்டிச் சாமி படத்துக்கடியில் வைத்துக் கும்பிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூட ஒரு கான்ஸ்டபிள். சாமி படத்தைத் தூக்கியதும் கட்டு அகப்பட்டது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு காகிதமாகப் படித்தார். முகம் இறுகிக்கொண்டே போனது.

"உம் புருஷன் சட்டைப்பையில இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அதையும் சேர்த்தாப் பதினேழு கப்பல். இதுல ரெண்டு கப்பல் இங்கருந்து போன வழியிலேயே முங்கிருக்கு, தெரியுமா? முப்பத்தாறு, முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கானே, அது என்ன? ஆளா, பீரங்கியா?"

"சீட்டு, அய்யா! ஒரு கட்டுல அத்தனை சீட்டு!"

"அப்படித்தான் அவனும் சொல்லுதான். 'வீட்டுல பதினேழு கட்டு இருக்கு, எம் பொண்டாட்டி எடுத்துத் தருவா, எண்ணிப் பாருங்க'ன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதான். அதுக்காகத்தான் நானே வந்தேன்." குரலைத் தணித்துக் கையை நீட்டினார். "எடுத்துட்டு வா, தாயி. எண்ணி, சரியா இருந்தா, பொழுது சாய முன்ன அவன அனுப்பிருதேன்."

அடுப்பைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். கான்ஸ்டபிள் பானையை இறக்கிவைத்துவிட்டுச் சாம்பலைக் குச்சியால் கிளறினான். ஒரு சீட்டுகூட முழுசாக அகப்படவில்லை.

பானையில் அவருக்காக வைத்த சோறு பதமாக வெந்திருந்தது.