ரேணவ்வாவின் முன்பற்கள்

டிக்கெட் கேட்டதற்காகப் பயணி ஒருவன் ஓங்கிக் குத்தியதில், ஹுப்ளி பஸ் கண்டக்டர் ரேணவ்வாவின் முன்பற்கள் இரண்டும் பாதியாக உடைந்தன. பல் டாக்டரம்மா வேர் சிகிச்சை செய்து, உள்ளே கம்பி நட்டு, இரண்டு மாதம் கழித்து இன்றுதான் பீங்கான் உறை மாட்டி முடித்தார்.

கிளினிக்கின் வெளியே டிப்போ மேலாளர் பாட்டீல் காத்திருந்தார். "அசல் பல்லு மாதிரியே இருக்கே தங்கச்சி! உன்னைக் குத்தினவன் பெரிய இடத்துப் பையன். கேஸை வாபஸ் வாங்கிடேன்."

ரேணவ்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு மாசமா ஜோள ரொட்டியைக் கடிக்க முடியாம கஞ்சி குடிச்சேன் சார். அவன் ஒரு நாளாவது உள்ள இருந்தானா?"

"கோபப்படாதேம்மா..."

"பல்லை டாக்டரம்மா சரிபண்ணிட்டாங்க. அவனை யாரு சரிபண்றது?"

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தினமும் போய் நின்று சத்தம் போட்டாள். எட்டாம் நாள் அவனைக் கைது செய்தார்கள்.