இரண்டு கட்டங்களுக்கு நடுவே

அடக்கத்தன்று காலை, வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஆறு ஆண்கள், கையில் இல்லாத ஒரு சவப்பெட்டியைத் தூக்குவதுபோல் நடந்து பார்த்தார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். படியில் எந்தக் கால் முதலில், கேட்டில் யார் ஒதுங்குவது, வண்டிக்கு முன்னால் எங்கே நிற்பது என்று எண்ணி எண்ணி வைத்தார்கள். துப்பாக்கிப் போட்டிக்காரர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். துப்பாக்கிக்குப் பதில் வெறும் விரலை நீட்டிக்கொண்டு களம் முழுக்க ஒருமுறை நடந்து பார்க்காமல் எவனும் சுட வரமாட்டான். துக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி முந்தின நாள் மிஞ்சிய பிஸ்கட்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

ஜன்னலருகே நின்ற நெரிஸாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஊர் வழக்கப்படி கூடத்தில் ஐந்து நாளாகப் பெட்டியில் படுத்திருக்கும் அவள் கணவர் ரொடேலியோ இதைப் பார்த்திருந்தால் தானும் எழுந்து போய் வரிசையில் நின்றிருப்பார்.

செபூ தீவில் ஒரு சின்ன ரொட்டிக்கடை அவர்களுடையது. விடிவதற்குள் ரொட்டியைச் சுட்டு முடித்துவிட்டு ஞாயிறுதோறும் மனிதர் களத்துக்கு ஓடிவிடுவார். அறுபத்தொரு வயதிலும் குறி தப்பாது. அவருடைய சனியன் எல்லாம் தரையில் போட்ட ஒரு கட்டத்தில் நின்று சுட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதில்தான் இருந்தது. கடைசிக் குண்டு போனதும் நிமிர்ந்து நின்று, சுட்ட குறி அட்டையை ஒருதரம் பார்த்து, விருந்தாளி விடைபெறுகிற மாதிரி விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புவார். போய்ச் சேர்ந்த இடத்திலும் இரண்டு காலையும் ஊன்றி, ஒரு மூச்சு விட்டுவிட்டு, பிறகே துப்பாக்கியைத் தூக்குவார். நடுவில் இருப்பது ஐந்து எட்டுத் தூரம். அதற்கு இரண்டு செகண்டுக்குக் கீழே அவர் வந்ததே இல்லை. அவரோடு சுடும் குழுவில் அதுவே தீராத கேலி.

நெரிஸா துப்பாக்கியைத் தொட்டவள் இல்லை. நேரம் காட்டும் டைமரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நிற்பாள், அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவளுக்குத்தானே தெரியும். கடைசிக் குண்டைச் சுடும்போதே போகிற பக்கத்துக் காலில் பாரத்தைப் போடு, முழங்காலை நிமிர்த்தாதே, சேர்வதற்கு இரண்டு எட்டு முன்பே துப்பாக்கி கண்ணுக்கு நேரே வந்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கொல்லையில் துணிக்கொடியைத் தாழ்வாகக் கட்டி அதில் கரண்டிகளைத் தொங்கவிட்டாள். அவர் குனிந்தபடி ஓடவேண்டும், தலை நிமிர்ந்தால் கரண்டிகள் கலகலக்கும். முதல் வாரம் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பிறகு சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

போன வாரம் களத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். எட்டாவது ஓட்டத்தில் அது நடந்தது. அவர் நிமிரவில்லை, விடைபெறவில்லை, காலை ஊன்றுவதற்குள் அடுத்த குண்டு போய்விட்டது. துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டுக்கொண்டு திரும்பி, எவ்வளவு என்று கேட்டார். டைமரில் ஒன்று புள்ளி தொண்ணூற்றாறு. நெரிஸாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது, அன்றைக்கே ஊருக்கெல்லாம் பன்றியைத் தணலில் வாட்டி விருந்து வைத்துவிடுவார். அதிர்ஷ்டத்தில் வந்தது என்று சொல்லிக் குழுவும் ஒத்துக்கொள்ளாது. இரண்டு முறை சேர்ந்தாற்போல் வந்தால் யார் வாயைத் திறக்க முடியும்? முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை ஓடுங்க, அப்புறம் சொல்றேன்," என்றாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே முதல் கட்டத்தைப் பார்த்து நடந்தார். பாதி வழியில், மறைப்புக்கு நிறுத்தியிருந்த நீல டிரம்மைப் பிடித்தார். அப்படியே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

எட்டுத் தடவை ஓடவிட்டதுகூட அவளை அவ்வளவு அறுக்கவில்லை. இதயம் ஏற்கெனவே கெட்டிருந்தது, சமையலறையில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேரம் தெரியாமல் போய்விட்டாரே என்பதுதான் அவளை அறுத்தது. கேட்ட மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் ஜோசெலிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

மாதா கோவிலில் நடுவர் தியோபிலோ பேசினான். களத்தில் அவன் சொல்வதுதான் சட்டம். அன்று அவன் சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை. ரொடேலியோ அண்ணன் தான் சுட்ட அட்டைக்குக்கூட மரியாதை கொடுத்தவர், அதனால்தான் கடைசிவரை இரண்டு செகண்டைத் தாண்டிக் கீழே வரவில்லை என்றான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். பிரியமான சிரிப்புதான். நெரிஸாவுக்கு அது முதுகில் அடியாக விழுந்தது.

கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கப் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். நெரிஸா மூடிக்குக் கீழே பதித்திருந்த கண்ணாடிமேல் குனிந்தாள். கண்ணீர் கண்ணாடியில் விழுந்தால் போகிற ஆத்மாவுக்குப் பாரம் என்று ஜோசெல் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். நெரிஸா நகரவில்லை.

"தியோ, நீ கோவில்ல சொன்னது தப்பு," என்றாள்.

"என்ன அண்ணி?"

"வந்தாரு. ரெண்டுக்குக் கீழ வந்தாரு. அன்னிக்குத்தான்."

பெட்டியைத் தூக்கக் காத்திருந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வியை அடக்க அவர்களால் முடியவில்லை. எவ்வளவு என்று ஒருவன் கேட்டே விட்டான்.

"அவர்கிட்டயே சொல்லலையே நான்," என்றாள் நெரிஸா. "எவ்வளவுன்னு கேட்டாரு. இன்னொரு தடவை ஓடுங்கன்னு அனுப்பிட்டேன்."

ஜோசெலின் கை தோளிலிருந்து நழுவியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று பாதிரியார் மெல்ல ஆரம்பித்தார். தியோபிலோ கையைக் காட்டி அவரை நிறுத்தினான். பாதிரியாரையே நிறுத்துகிற தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா, அண்ணி?"

"பாத்தேன்."

"அப்புறம் டைமர்ல எதையும் அழுத்தி அழிக்கலையே?"

"இல்ல. அப்படியே பையில கெடக்கு. தொடவே பயமா இருக்கு."

தியோபிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். பித்தானைச் சரியாகப் போட்டான். "வாசிக்காத நேரம் கணக்குல சேராது. சுட்டவர் முன்னாடி, குழு கேக்க வாசிக்கணும். அதானே சட்டம். நாங்க இருக்கோம். வாசிங்க."

நெரிஸா மகளைப் பார்த்தாள். ஜோசெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். நெரிஸா கண்ணாடியருகே வாயைக் கொண்டுபோய், கடைக்கு வந்தவரிடம் ரொட்டி மிச்சமில்லை என்று சொல்வதுபோல் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணனுக்கு வலது காது போயி பத்து வருஷம் ஆச்சு," என்றான் தியோபிலோ. "களத்துல வாசிக்கிற மாதிரி வாசிங்க."

நெரிஸா நிமிர்ந்தாள். மூச்சை நன்றாக இழுத்தாள்.

"ரொடேலியோ! ஒண்ணு புள்ளி தொண்ணூத்தாறு!"

பக்கத்து அடக்கத்துக்கு வந்தவர்கள் குடையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். நெரிஸாவின் குரல் கல்லறைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து அடங்கியது.

களத்தில் நேரத்தை வாசித்துவிட்டால் குழுவில் யாரும் சும்மா நிற்பதில்லை. அட்டைகளில் விழுந்த ஓட்டைகளை ஒட்ட ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஆறு பேரும் அதே வேகத்தில் முன்னால் வந்தார்கள். வந்த பிறகுதான் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல் கொஞ்சம் நின்றார்கள். பிறகு பெட்டியில் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தார்கள்.