முந்நூறு பேருக்கு மூலிகைக் காபி

எங்கள் வீட்டில் மூலிகைக் காபி குடிக்கத் தொடங்கி ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தபோது, அதில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியவந்தது. அதைக் குடித்துப் பார்த்து ஆர்டர் கொடுக்க கங்கைகொண்டானிலிருந்து ஆள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

காபி என் அண்ணன் ஆரிப்பின் யோசனை. ஷார்ஜாவில் ஆறு வருஷம் கிடங்கு வேலை பார்த்தவன், விடுப்பில் தச்சநல்லூர் வந்திருந்தான். பதினெட்டாம் தேதி திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. போக அவனுக்கு மனமில்லை. அவனை அனுப்ப எனக்கும் மனமில்லை, சொன்னதில்லை. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனை நடத்துகிற தில்லைநாயகம் அண்ணாச்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே எல்லோரும் தூங்கி வழிவதாக அவனிடம் புலம்பியிருந்தார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். ஆர்டர் கிடைத்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவதாக இருந்தான்.

சுக்கு, அமுக்கரா, அதிமதுரம், திப்பிலி. நான் வேதியியல் படித்தவள் என்பதால் ஆராய்ச்சி என் பொறுப்பு. அதாவது, எல்லாவற்றையும் மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவது என் பொறுப்பு.

வாப்பா, உம்மா, அண்ணன் மூவரும் இரண்டு வேளையும் மூலிகைக் காபி குடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நான் மட்டும் சாதாக் காபி. சுறுசுறுப்பை எப்படி அளப்பது என்று அண்ணன்தான் கண்டுபிடித்தான். எப்போதும் செல்போனை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். அது காலடிகளை எண்ணிவிடும். உம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் டம்ளரிலேயே நுரை இரண்டு விரற்கடை உயரத்துக்கு நின்றது. ஆற்றக்கூட இல்லை. ஓட்டலில்கூட இப்படி வராது என்று உம்மா பூரித்தாள். காபி கசந்தது. மூலிகை என்றால் கசக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வாப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

வாப்பா நாற்காலியை விட்டு எழாதவர். ஒரு நாளைக்கு எண்ணூறு காலடி. மறுநாள் அது இரண்டாயிரம் ஆனது. உம்மாவும் அண்ணனும் அதே மாதிரி ஏறினார்கள். நான் வரைபடம் போட்டேன். மூன்று கோடுகள் மேலே போயின. என் கோடு தரையில் கிடந்தது. அண்ணன் அதைச் செல்போனில் படம் பிடித்து அண்ணாச்சிக்கு அனுப்பினான்.

எங்கே நடக்கிறார்கள் என்று நான் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கழிப்பறை கொல்லையில், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. போக அறுபது காலடி, வர அறுபது. வழியில் பார்த்துக்கொண்டபோது வாப்பா முருங்கைக்காய் பார்க்க வந்ததாகச் சொன்னாராம். உம்மா காய்ந்த துணியை மறுபடியும் தொட்டுப் பார்த்தாளாம். இதெல்லாம் பிறகு கேட்டது. அன்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அடுத்த வீட்டு சொர்ணாம்பாள் டீச்சர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஈரத் தலையில் துண்டு.

“ஏளா மர்வா, அந்த மில்லுல என்னத்ததான் அரைக்கான்? சீயக்கா நுரைக்கவே மாட்டேங்கு. தல பூரா சுக்கு மணக்கு.”

மில்லில் யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை. பைதான் அடையாளம். எல்லோரும் கொண்டுபோவது கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த பையை. போன மாதம் எங்கள் இரண்டு வீட்டாரும் போய் வந்தது ஒரே கல்யாணத்துக்கு. குமரகுருபரன், சித்ரலேகா என்று அச்சிட்ட ஒரே மஞ்சள் பை.

மீதிப் பொடி இருக்கிறதா என்று கேட்டேன். முக்கால்வாசியை டீச்சரின் தங்கை முதல் பஸ்ஸில் ஆழ்வார்திருநகரிக்குக் கொண்டுபோய்விட்டாள். மிச்சம் தன் தலையில்தான் இருக்கிறது என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் ஷாம்பு வந்து பத்து வருஷம். டீச்சர் சீயக்காயில் வெந்தயம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்ப்பார். அதனால் மணத்தை வைத்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நுரையை வைத்து எனக்கு வந்திருக்க வேண்டும். சீயக்காயை நுரைக்க வைக்கிற சபோனின் பற்றி மூன்றாம் ஆண்டில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மூன்று முறை வாசற்படி வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை, இந்தச் சட்டை எப்படி என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

தில்லைநாயகம் அண்ணாச்சி சொன்ன நேரத்துக்கு வந்தார். பெரிய மீசை. உம்மா அவர் முன்னால் டம்ளரை வைத்தாள். நுரையைப் பார்த்து அவர் தலையாட்டினார். ஆறட்டும் என்று வரைபடத்தை எடுத்து, கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வாப்பாவிடம் திரும்பினார்.

“என்ன பாய், சுறுசுறுப்பா இருக்கா?”

“உக்கார விடமாட்டேங்கு அண்ணாச்சி,” என்றார் வாப்பா. சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

அண்ணாச்சிக்கு அது போதுமாக இருந்தது. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நாளைக்கே போட்டுருவோம் தம்பி. மத்தியானம் ஒன்றரைக்கு மணி அடிக்கும். முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்துல.”

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் கை செல்போனுக்குப் போனது. டிக்கெட்டை ரத்து செய்யத்தான்.

நான் வெளி ஆட்களிடம் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் நிறுத்தம் தவறிவிட்டால், சத்தம் போடாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன்.

“அங்கன கக்கூஸ் எத்தன இருக்கு அண்ணாச்சி?” என்றேன்.

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணாச்சி மட்டும் அதைத் தொழில் சம்பந்தமான கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தார்.

“ஆம்பளைக்கு ஆறு. பொம்பளைக்கு ரெண்டு. ஏன் பாப்பா?”

முந்நூறை எட்டால் வகுத்தேன். ஒரு கழிப்பறைக்கு முப்பத்தேழரைப் பேர். அதற்குள் அவர் டம்ளரை உயர்த்தியிருந்தார். நுரை மீசையைத் தொட்டுவிட்டது.

“குடிக்காதீங்க அண்ணாச்சி,” என்றேன். “அது டீச்சர் வீட்டுச் சீயக்கா.”